கிருமிக்கு வைத்த பெயர்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போனவர்களுக்குக் கணக்கே கிடையாது. போகும்போது அறுத்துத் தைத்த டாக்டரிடம் கண்கலங்கி நன்றி சொல்வார்கள். ஊசி போட்ட சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வாசலில் நிற்கிற காவலாளிக்குக்கூட ஒரு சிரிப்பு கிடைக்கும். கீழ்த்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத அறையில், அவர்களுடைய சீழையும் சளியையும் முன்னால் வைத்துக்கொண்டு, இது இன்ன கிருமி, இந்த மருந்துக்குத்தான் சாகும் என்று எழுதி அனுப்பினாளே ஒருத்தி, அவளை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அவள் பெயரைச் சொன்னால் மாடியில் வேலை செய்கிறவர்களே முழிப்பார்கள். லேப் அம்மா என்றால்தான் தெரியும்.

அவளும் டாக்டர்தான். ஸ்டெதாஸ்கோப் போட்ட டாக்டர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தவள். அவர்கள் மனிதர்களைப் பார்க்கப் போனார்கள், இவள் மனிதர்களுக்குள் இருப்பதைப் பார்க்கப் போனாள். மனிதர்களைப் பார்த்தவர்கள் கார் வாங்கினார்கள். இவளுக்குக் கழுத்து வலி வந்தது.

காலையில் வந்ததும் அடைகாக்கும் பெட்டியைத் திறப்பாள். கோழி முட்டை அடைகாக்கிற மாதிரி, முந்தின நாள் வந்த சீழையும் சளியையும் வட்டமான கண்ணாடித் தட்டுகளில் தடவி, மிதமான சூட்டில் வைத்திருப்பார்கள். மறுநாள் அதில் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைத்திருக்கும். தட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். கொண்டுபோகாத லேப் டாக்டர் உலகத்தில் கிடையாது. ஒன்று பழுத்த திராட்சை மாதிரி மணக்கும். ஒன்று எலி செத்த மாதிரி நாறும். கூட்டத்தில் சொந்தக்காரனைப் பிடிக்கிற மாதிரி அவள் மூக்கு பிடித்துவிடும்.

அவள் புருஷன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம். "ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறது நான். கண்ணுக்குத் தெரியாததையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது இவ. ரெண்டு பேரும் எப்படி ஒரே வீட்டுல இருக்கோம்னு எனக்கே புரியல" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒரு தடவை சாதனையாளர் விழா நடக்கும். பெரிய ஹாலில் மேடை போட்டு, மைக் வைத்து, வருஷம் முழுக்கச் சாதித்தவர்களைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பார்கள். இதயம் அறுத்தவருக்கு ஒன்று, மூளை அறுத்தவருக்கு ஒன்று. இதயம் அறுத்தவருக்கு அடுத்த வருஷமும் ஒன்று. கீழ்த்தளத்து லேபுக்கு ஒரே ஒரு தடவை ஒரு கோப்பை கிடைத்தது, அதுவும் ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான துறை என்று. ஊர் அசிங்கம் எல்லாம் வந்து சேருகிற இடத்துக்குச் சுத்தத்துக்கான கோப்பை. அதை அவள் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, எழுதுகிற பேனாக்களைப் போட்டு வைத்துக்கொண்டாள்.

"எனக்கெதுக்கு அதெல்லாம்" என்பாள், யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் சொல்வாள். ஆனால் விழா நடக்கிற வாரம் மட்டும் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்வாள். புருஷனுக்கு அது தெரியும். நீளமான வாய்தான், ஆனால் அந்த ஒரு விஷயத்தை அவர் ஒருநாளும் கேலி செய்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவள் தம்பியின் கால் வீங்கியது.

தம்பி லாரி மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன். துருப்பிடித்த ஸ்பிரிங் ஒன்று பாதத்தில் ஏறி, புண் உள்ளுக்குள்ளேயே புழுங்கி, எந்த மாத்திரைக்கும் அசையவில்லை. "அக்கா, காலை எடுத்துருவாங்களாக்கா?" என்று அவன் அழுததைப் பார்த்து, அவளே போய்ப் புண்ணிலிருந்து சீழ் எடுத்து வந்து தட்டில் தடவினாள். முளைத்து வந்தது அவள் அதுவரைக்கும் பார்க்காத ஒன்று. காய்ச்சின பாலில் ஆடை சுருங்கின மாதிரி, வெளிறின ஆரஞ்சு நிறத்தில். வாசனை நனைந்த சாக்கு மாதிரி.

மூக்கு தெரியாது என்று சொன்ன முதல் கிருமி அது.

எந்த மருந்துக்குச் சாகிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தாள். தம்பியின் கால் ஆறி, அவன் பழையபடி லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அக்கா மட்டும் அந்தக் கிருமியை விடவில்லை. தூரத்துப் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கு அனுப்பினாள். இது ஏற்கெனவே தெரிந்ததுதான், சரியாகப் பாருங்கள் என்று பதில் வந்தது. சரியாகப் பார்த்தாள். மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே பதில். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, அந்தக் கிருமியைத் தவிர. வருஷங்கள் ஓடின. கடைசியில் லேபில் புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டர், புதுப் படிப்புப் படித்த பெண், கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"மேடம், இது நிஜமாவே புதுசு. உலகத்துல யார்கிட்டயும் இல்ல."

"அதைத்தானே அன்னைக்குலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் லேப் அம்மா. சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

புதுக் கிருமிக்குப் பெயர் வைக்க வேண்டும். கிருமி உலகத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்றால் அவர் பெயரையே கிருமிக்கு வைப்பார்கள். மற்ற ஊரில் சிலை வைக்கிறார்கள், இவர்கள் கிருமியில் எழுதுகிறார்கள். ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அசிங்கம். இன்னொருவர்தான் வைக்க வேண்டும். கட்டுரையை எழுதுவது சின்ன டாக்டர் என்பதால், பெயர் வைக்கிறதும் அவள் பொறுப்பு. அவள் மனசில் ஒரே பெயர்தான் இருந்தது. ஆனாலும் துறைத் தலைவரைக் கேட்காமல் செய்ய முடியாதே. இரண்டு பேரும் மேலே போனார்கள்.

துறைத் தலைவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள். நல்ல உயரம், நல்ல குரல், மைக் இல்லாமலே மைக் வைத்த மாதிரி பேசுவார். கீழ்த்தளத்துக்கு அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"பெயர் வைக்கிறதுல ஒரு மரியாதை இருக்கும்மா" என்றார் சின்ன டாக்டரிடம். "வேலை செய்றவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் நிழல் குடுத்தவர்னு ஒருத்தர் இருப்பார். நான் யாரையும் சொல்லல. நீயே யோசிச்சுப் பாரு."

சின்ன டாக்டர் யோசித்தாள். முகம் வாடிப் போய் இறங்கி வந்தாள். லேப் அம்மா வந்ததும் அன்றைய தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கெதுக்கு அதெல்லாம் என்று வழக்கமாகச் சொல்வாளே, அதைக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் பெரிய டாக்டரே சின்ன டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வீட்ல பேசினேன்" என்றார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"அந்தக் கிருமியை எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு கேட்டா. சொன்னேன்."

"கால் சீழ்ல இருந்துன்னா சார்?"

"அவ சாப்பிட்டுக்கிட்டிருந்தா. எழுந்து போயிட்டா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் பெருமை சேரணும். நான் எப்பவும் அதைத்தான் சொல்வேன்."

இப்படித்தான் அவள் பெயர் கிருமிக்கு வந்தது. கேட்கிறவர்களுக்கு இது கொஞ்சம் மட்டமாகப் படலாம். அதற்காக மாற்றிச் சொல்ல முடியாது.

வீட்டில் இன்னொரு வழக்கு காத்திருந்தது. சேதி தெரிந்து தம்பி லேசாக நொண்டிக்கொண்டே வந்தான். ஆறின கால்தான், ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் நொண்டினால் நல்லது என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

"கால் யாரோடதுக்கா?"

"உன்னோடது."

"வலிச்சது யாருக்கு?"

"உனக்குத்தான்டா."

"அப்ப பேரு மட்டும் எப்படி உனக்கு?"

கண்ணாடிக்கடைக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். "மச்சான், வீட்டுல ஆளைக் குடிவெச்ச ஓனர் மாதிரி பேசுறீங்களே."

"ஓனர்தானே அத்தான். சொல்லாம கொள்ளாம வந்து குடியிருந்துட்டு, போறப்ப சுவரெல்லாம் இடிச்சுட்டுப் போயிருக்கு. ஒரு பேருகூடக் கிடையாதா?"

"உன் பேரை வெச்சா, நாளைக்கு உன் பிள்ளைக்குப் பொண்ணு யாருடா குடுப்பா?" என்றாள் அக்கா. அதற்குமேல் அவன் வழக்கை நடத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு நொண்டாமலே போய்ச் சேர்ந்தான்.

ஒருநாள் பத்திரிகை வந்தது. அவள் பெயருக்குப் பின்னால் லத்தீனில் ஒரு வால் ஒட்டி, சாய்ந்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். புருஷன் அந்தப் பக்கத்தைக் கடையில் கண்ணாடி போட்டு மாட்டினார். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "இதைப் படிங்க பார்க்கலாம்" என்பார். படித்துவிட்டால் கண்ணாடி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தெருவில் அவள் பெயர் தெரியாதவர்கள் கண் தெரியாதவர்கள் மட்டும்தான்.

சந்தோஷம் சில மாதம் இருந்தது.

பெயர் இல்லாதவரைக்கும் ஒருத்தர் கண்ணிலும் படாத கிருமி, பெயர் வந்ததும் எல்லா வார்டிலும் தென்பட ஆரம்பித்தது. முன்னாலும் இருந்திருக்கும். எதுவோ ஒரு கிருமி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது தேடத் தெரிந்துவிட்டது. ஆறாத புண் என்றால் அவள் பெயர், அறுத்த இடம் பழுத்தால் அவள் பெயர். வார்டில் சிஸ்டர்கள் லத்தீன் வாலை வெட்டி எறிந்துவிட்டு வெறும் பெயரைச் சொன்னார்கள். சிலருக்கு அதுவும் நீளமாக இருந்தது.

"ஆறாம் கட்டில்ல யாரு?"

"நம்ம லேப் அம்மாதான். காலைலேர்ந்து குளிர்காய்ச்சலோட இருக்காங்க."

ஒருநாள் மாடிப்படியில் தட்டுகளை ஏந்திக்கொண்டு இறங்கும்போது, எதிரில் ஒரு கிழவர் செல்போனில் யாரிடமோ அவள் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். "அவ கையில மாட்டினதுலதான் எங்கண்ணன் காலே போச்சு. நல்லா இருப்பாளா அவ" என்றார். லேப் அம்மா சுவரோடு ஒட்டி நின்று அவருக்கு வழி விட்டாள். "தாங்க்ஸ்மா" என்றார் கிழவர்.

வீட்டில் வந்து சொன்னபோது புருஷன் சிரிக்கவில்லை. "ஒரு ரோட்டுக்கு உன் பேரை வெச்சிருந்தா மட்டும் என்ன? அந்த ரோட்டுல குழி இருக்குன்னுதான் சொல்வாங்க" என்றார். அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்தாற்போல் பெரிய டாக்டர் களத்தில் இறங்கினார். ஆஸ்பத்திரியை விட்டு இந்தக் கிருமியை விரட்டியே தீருவது என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்டு வாசலிலும் பலகை. மேலே பெரிய எழுத்தில் அவள் பெயர், அதன் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே 'அடியோடு ஒழிப்போம்'. வரைந்தவன் கிருமிக்குக் கண்ணும் பல்லும் வைத்திருந்தான். எந்த சிஸ்டரோ பேனாவால் ஒரு மூக்குக்கண்ணாடியும் போட்டு விட்டாள். பலகைக்கு அடியில் நீலத் தண்ணீர் நிரப்பின ஒரு புட்டி. அமுக்கினால் பீச்சும், கையில் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். புட்டி எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும் என்பது பெரிய டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. சுற்றிப் பார்க்க வரும்போது எந்தப் புட்டியாவது பாதியில் இருந்தால் வார்டே நடுங்கும்.

சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. கிருமி குறைந்தது. பிறகு அரிதாயிற்று. பிறகு தட்டுகளில் வருவதே நின்றது. லேப் அம்மாவுக்கு அது நல்ல சேதிதான். டாக்டருக்குப் படித்தவள், நோய் போனால் சந்தோஷப்பட வேண்டியவள். சந்தோஷப்பட்டாள். ஆனால் தினமும் காலையில் அடைகாக்கும் பெட்டியைத் திறக்கும்போது கொஞ்சம் தேடவும் செய்தாள்.

அந்த வருஷம் சாதனையாளர் விழாவில் பெரிய பரிசு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொடிய கிருமியை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்தே துடைத்தெறிந்தவர். அவளும் அந்த மாதம்தான் ஓய்வு பெறுகிறாள். பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க பேரையும் குடுத்திருக்கேன். வாழ்நாள் சாதனைக் கேடயம். ஒரே மேடை, நீங்களும் நானும்." அவள் எனக்கெதுக்கு என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, சரி என்றாள். போகிற வழியில் தலைச்சாயம் வாங்கினாள்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, தீக்காய வார்டிலிருந்து ஒரு குழந்தையின் புண்ணைத் துடைத்த பஞ்சு வந்தது. கொதிக்கிற தண்ணீரைத் தோளில் கவிழ்த்துக்கொண்ட சின்னப் பெண். மறுநாள் தட்டைத் திறந்தால், சுருங்கின பாலாடை. வெளிறின ஆரஞ்சு. நனைந்த சாக்கு.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குள் ஏதோ துள்ளியது. வீட்டை விட்டுப் போன பிள்ளை வாசலில் வந்து நின்ற மாதிரி. அடுத்த நொடி தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. தீக்காய வார்டுக்குப் போன் போட்டு, குழந்தையைத் தனியறைக்கு மாற்றச் சொல்லி, எந்த மருந்து என்றும் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பெரிய டாக்டர் தட்டைத் தொடவில்லை. "உங்க ஃப்ரீசர்ல அது உயிரோட இருக்கில்லையா?" என்றார்.

"இருக்கு. முதல்ல எடுத்ததைப் பத்திரமா வைக்கணும்கிறது விதி."

"லேப்ல கை தவறுறது உண்டு. ஒரு தட்டுல இருக்கிறது இன்னொரு தட்டுக்குப் போறதும் உண்டு." குரலை இறக்கினார். "ரிட்டயர் ஆகப் போறீங்க. நம்ம பேரு அழிஞ்சு போகுதேன்னு மனசுக்குள்ள ஒரு வருத்தம் இருக்கும். நான் தப்பா சொல்லல. மனுஷ இயல்பு."

ஒரு லேப்காரியிடம் இதைவிடக் கேவலமான வார்த்தை சொல்ல முடியாது. சமையல்காரியிடம் உன் சோற்றில் விஷம் என்று சொல்கிற மாதிரி. அவள் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஒருவேளை நிஜமாக இருந்தால்? தட்டில் கிருமி தடவுகிற கம்பியைச் சுத்தம் செய்யத் தீயில் காட்டும்போது ஒரு தடவை அவசரப்பட்டிருந்தால்? அந்த ஒரு நொடி துள்ளினாளே, அந்தத் துள்ளலுக்கும் கைக்கும் சம்பந்தம் இருந்தால்?

"மேடம், நீங்க கம்பியைக் காட்டுற அழகைப் பார்த்துத்தான் நானே கத்துக்கிட்டேன்" என்றாள் சின்ன டாக்டர்.

"பேச்சை விடு. ரெண்டு தட்டு எடு."

ஒரு தட்டில் ஃப்ரீசரில் இருந்த பழைய கிருமியைத் தடவினார்கள், தம்பியின் காலில் பிறந்தது. இன்னொன்றில் குழந்தையின் புண்ணில் இருந்தது. இரண்டின் நடுவிலும் வார்டு வாசலில் இருக்கிற நீலத் தண்ணீரில் நனைத்த ஒரு காகித வில்லையை வைத்தார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, நிலவைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி காலியாக இருக்கும். பழைய கிருமியின் தட்டில் அழகான வட்டம். குழந்தையுடையதில் வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. வில்லைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஃப்ரீசரை விட்டுத் தப்பி வந்தது இல்லை. நீலத் தண்ணீரில் வாழக் கற்றுக்கொண்ட வேறொன்று.

வார்டு வாசலில் இருந்த புட்டியைத் திறந்து, அடியில் பஞ்சை விட்டுத் துடைத்து, அதையும் தட்டில் முளைக்க வைத்துப் பார்த்தபோது முழுக்கதையும் தெரிந்துவிட்டது. புட்டி எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும் என்பது உத்தரவு இல்லையா. அதனால் யாரும் அதைக் காலி செய்து கழுவினதே இல்லை. குறையக் குறைய மேலே ஊற்றினார்கள். பயந்துகொண்டு தண்ணீரும் கலந்தார்கள். அடியில் பழசு அப்படியே தங்கி, கிருமி அதில் மெல்ல மெல்ல நீந்தப் பழகி, வாசலில் கை நீட்டினவர்களுக்கெல்லாம் ஒரு சொட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே அதை ஒழிக்கிற பலகை.

தட்டுகளோடு மறுபடி மாடிக்குப் போனாள். பெரிய டாக்டர் இந்தத் தடவை கையில் வாங்கிப் பார்த்தார். படித்த மனிதர்தான், வில்லையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தட்டுகளை மெல்ல மேஜையில் வைத்தார்.

"நாளைக்கு விழா" என்றார்.

"தெரியும் சார்."

"வெளியூர்லேர்ந்து ஆட்கள் வந்தாச்சு. ஒரே ஒரு நாள். நாளன்னைக்கு நானே எல்லாப் புட்டியையும் எடுக்கச் சொல்றேன். உங்களுக்கும் மேடை இருக்கு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம். யோசிச்சுப் பாருங்க."

"ஒரு நாள்னா நமக்குத்தான் சார் ஒரு நாள். அதுக்குப் பல தலைமுறை."

"நாளைக்கு இதைக் கிளப்பினா, உங்க பேரை மேடையில எப்படிங்க சொல்ல முடியும்?"

அவள் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். மறுநாள் சாயம் போட்ட தலையைச் சீவும்போதும் யோசித்தாள். புருஷனும் தம்பியும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு ஹாலில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அவள் பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டு, லேபிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போக ஆரம்பித்தாள்.

தீக்காய வார்டு சிஸ்டர் வழியை மறித்தாள். "ஆர்டர் இல்லாம புட்டியை எடுத்தா என்னைக் கேள்வி கேட்பாங்கம்மா."

"என் பேரைச் சொல்லு."

"உங்க பேர்லதான் ஆர்டரே இருக்கு. ஒழிக்கணும்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே புட்டியைக் கழற்றிக் கொடுத்தாள்.

தனியறையில் அந்தச் சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. பக்கத்தில் அதன் அம்மா, நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு. ஜன்னல் வழியாக ஹாலின் ஒலிபெருக்கிச் சத்தம் நன்றாகவே கேட்டது.

"என்ன அங்க?" என்றாள் அம்மா.

"விழா. ஒரு கிருமியை ஒழிச்சுட்டாங்களாம்."

"எங்க ஒழிச்சாங்க? என் பொண்ணு தோள்ல வந்து உட்கார்ந்திருக்கே." அந்தக் கிருமியின் பெயரைச் சொல்லி நாலு வார்த்தை திட்டினாள். மெதுவாகத்தான், குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று. லேப் அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த புட்டியைக் கழற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மூச்சு வாங்க வந்து நின்றான். "அக்கா, இங்கயா இருக்க? உன் பேரைத்தான் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்காங்க. மூச்சுக்கு மூச்சு உன் பேரு. கூப்பிடத்தான் இல்ல. கேடயம் வாங்குற ஆளுங்க லிஸ்ட்ல உன்னை விட்டுட்டாங்க. அத்தான் எழுந்து நின்னுட்டாரு. நான்தான் உட்கார வெச்சுட்டு வந்தேன்."

குழந்தையின் அம்மா அவனைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். "அது உங்க பேரா?"

"ஆமா."

"நல்ல பேரு" என்றாள் அந்தப் பெண். "எங்க சித்திக்கும் அதே பேருதான். பாவம், இப்படிப் பாழாக்கிட்டாங்களே உங்க பேரை." சொல்லிவிட்டு மடியில் இருந்த பையைக் கீழே இறக்கி, நாற்காலியை விட்டு எழுந்து, "கொஞ்சம் உட்காருங்க, வெளுத்துப் போயிருக்கீங்க" என்றாள்.

உட்கார நேரம் இல்லை. "எல்லா வார்டும் முடிஞ்சுது. இன்னும் எங்கயாவது புட்டி பார்த்தியாடா?" என்றாள் தம்பியிடம்.

"வார்டுல பார்க்கல. ஹால் வாசல்ல ஒண்ணு இருக்கு. பெரிய டாக்டர் தானே நின்னு, வந்தவங்க எல்லார் கையிலயும் பீச்சி விட்டாரு. சிறப்பு விருந்தினர் ரெண்டு தடவை வாங்கித் தேய்ச்சுக்கிட்டாரு."

லேப் அம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்த வேகத்துக்கு ஆரோக்கியமான இரண்டு காலோடு தம்பியால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆக, விழாவுக்கு அவள் போகத்தான் செய்தாள். ஹால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மேடையில் பெரிய டாக்டர் கேடயத்தைக் கையில் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது. ஹால் முழுக்கத் திரும்பியது. முன்வரிசையிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து, தன் நீளமான வாயைத் திறந்து, "இவங்கதான் அவங்க" என்றார். பரிசு வாங்க வேண்டியவர் தாமதமாக வந்துவிட்டார் என்று நினைத்தார்களோ என்னவோ, பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்.

அவள் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சத்தம் அது. வாசல் மேஜையில் இருந்த நீலப் புட்டியை எடுத்து டப்பாவில் போட்டு மூடியை அமுக்கிக்கொண்டே அதைக் கேட்டாள். கொஞ்சம் நீளமாகவே கேட்டாள், அதில் தப்பில்லை. பிறகு கையை உயர்த்தினாள். சத்தம் அடங்கியது.

"போதும்" என்றாள். "தட்டினவங்க எல்லாரும் வரிசையா வெளியே வாங்க. புட்டி எதையும் அமுக்காம, சோப்புக்கட்டி போட்டு, குழாய்த் தண்ணியில கை கழுவுங்க. பெரிய டாக்டர் முதல்ல."